ஞாயிறு காலையில் ஓடுகிறவர்கள்



இந்த வாரத் தியானத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பைத் தரலாம். மராத்தான் ஓட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன். விசுவாச ஓட்டத்துக்கு உவமையாக அதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் எண்ணம் எனக்கு இல்லை. சாலையில், காலணி அணிந்த கால்களோடு, வியர்வை வழிய மனிதர்கள் ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

அண்மைக் காலமாக இது நம் சபைக் குடும்பங்களில் ஒரு கேள்வியாக எழுந்திருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் அங்கே நடக்கும் ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாலிபர், வசந்தகாலத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு நகரத்தில் ஓடி முடித்துப் பதக்கத்தோடு நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்த பெற்றோருக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு தேதியைப் பார்த்தார்கள், அது ஞாயிற்றுக்கிழமை. "ஐயா, இது சரிதானா?" என்று என்னைக் கேட்டார்கள். கேட்டவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட என் கருத்தை இங்கே எழுதிவிடுவது நல்லது. இது என் கருத்து. சபையின் தீர்மானம் அன்று. மாறுபடுகிறவர்கள் ஆராதனை முடிந்தபின் என்னோடு பேசலாம்.

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஒருவர் இங்கிருந்து அரக்கோணம் போய், திரும்பி வந்து, மறுபடியும் அரக்கோணம் போய்ச் சேர்ந்தாலும் இன்னும் மூன்று கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். இதை நிற்காமல் ஓட வேண்டும். நன்கு பயின்ற சாதாரண மனிதருக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் பிடிக்கும். இந்தத் தொலைவு 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்டு, 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்று கணக்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மராத்தான் ஓட்டத்தின் காலத்தையும் இடத்தையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் புதிய ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கிய நாள் ஏப்ரல் 6. அது உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை. அந்த ஆண்டு கிழக்குத் திருச்சபைக்கும் மேற்குத் திருச்சபைக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்திருந்தது. அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 10 அன்று, மராத்தான் என்னும் ஊரிலிருந்து பதினேழு பேர் ஏதென்ஸை நோக்கிப் புறப்பட்டார்கள். வழி சமதரை அன்று. மலைகளுக்கு நடுவே நெடுந்தூரம் ஏறி, பிறகு நகரத்தை நோக்கி இறங்குகிறது. மத்திய தூர ஓட்டத்தில் பேர்பெற்ற அயல்நாட்டினர் முன்னே பாய்ந்து சென்று பாதி வழியில் தளர்ந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் ஸ்பிரிடன் லூயிஸ் என்ற கிரேக்கர். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். 2 மணி 58 நிமிடம் 50 வினாடி. நகரமே எழுந்து நின்று அவரை வரவேற்றது. வசந்தகாலம், நகரம், மலை, உயிர்த்தெழுதலின் வாரம் எல்லாம் ஒன்றாகக் கூடிய அந்த நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்பது பிற்காலத்துப் பழக்கம்.

இன்னும் பின்னோக்கிப் போவோம். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கல்லியோன் அகாயாவின் அதிபதியாக இருந்த காலத்தைக் கொண்டு, அது கி.பி. 50-க்கும் 52-க்கும் இடைப்பட்ட காலம் என்று வேத அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தப் பட்டணத்துக்கு அருகே, இஸ்துமியா என்ற இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தகாலத்தில் பெரிய விளையாட்டு விழா நடந்துவந்தது. பவுல் அங்கே இருந்த காலத்தில், கி.பி. 51-இல், அவ்விழா நடந்திருக்க வேண்டும். பட்டணத்துக்குப் பின்னே அக்ரோகொரிந்து என்ற செங்குத்தான மலை. அதன் உச்சியில் அப்ரோதித்தே தேவியின் கோயில். மலைமேல் கோயில், கீழே சந்தடி மிகுந்த ஊர், விழாக் காலத்தில் வந்து குவியும் வெளியூர்க் கூட்டம். திருத்தணியில் வாழும் நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடாரம் செய்து பிழைத்த பவுலுக்கு அந்த விழாக் கூட்டத்தால் கையில் வேலை மிகுந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில் ஓட்டத்தையும் வாடிப்போகும் கிரீடத்தையும் பற்றி அவர் எழுதும்போது, வாசித்தவர்களுக்கு அது ஏட்டு உவமையாக இருந்திருக்காது. இஸ்துமிய விழாவில் வென்றவர் தலையில் தேவதாரு இலைகளாலும், உலர்ந்த ஒருவகைக் கீரையாலும் முடி சூட்டினார்கள். சூட்டும்போதே வாடியிருந்த முடி! அதைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் பவுல் எழுதினார். ஆனால் ஒன்று: அக்காலத்து ஓட்டங்களில் மராத்தான் தொலைவு இருந்ததே இல்லை. முதன்மையான ஓட்டம் இருநூறு மீட்டருக்கும் குறைவு. மிக நீண்டது சில கிலோமீட்டர் மட்டுமே. எனவே மராத்தான் பதக்கம் அணிந்த நம் வாலிபர் யாராவது "பவுலும் இதைத்தான் சொன்னார்" என்று கூறினால், அன்போடு திருத்திவிடுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெளிநாடுகளில் வசந்தகாலம் ஓடுவதற்கு ஏற்ற பருவம். பனி உருகி, மரங்கள் துளிர்த்து, காற்றில் குளிர்ச்சி மீந்திருக்கும் அந்த ஏப்ரலில்தான் பாஸ்டன், லண்டன் முதலிய நகரங்களின் ஓட்டங்கள் நடக்கின்றன. நமக்கோ சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இலக்கணம் சொல்கிறது. நம் உடம்பு வேறு சொல்கிறது. தமிழகத்தின் உச்ச வெப்பநிலைப் பட்டியலில் வேலூரோடும் கரூர் பரமத்தியோடும் திருத்தணியின் பெயர் ஆண்டுதோறும் முன்வரிசையில் வருவதை நாம் அறிவோம். மே மாதத்தில் 40 பாகை செல்சியசைத் தாண்டாத வாரம் இங்கே அரிது. அந்நாட்களில் விடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓடுவது பக்தியும் அன்று, வீரமும் அன்று. சென்னையில் பெரிய மராத்தான் ஜனவரி மாதத்தில், இருள் பிரியாத நேரத்தில் தொடங்குவது இதனால்தான். நமக்கு ஓடுவதற்குரிய வசந்தம் கார்த்திகையில் மழை ஓய்ந்தபின் தொடங்கி மாசியோடு முடிந்துவிடுகிறது. அந்த மாதங்களில் காலை ஐந்தரை மணிக்கு ஊருக்கு வெளியே நின்று வடக்கே பாருங்கள். பனிமூட்டத்துக்கு மேலே நகரி மலையின் மூக்குப் போன்ற முகடு தெரியும். படம் எடுத்து அனுப்பத் தகுந்த மலைக்காட்சி வெளிநாட்டில் மட்டும் இருப்பதாக நம் பிள்ளைகள் நினைக்க வேண்டாம்.

ஓட்டத்தால் உடலுக்கு நன்மை உண்டா என்று கேட்டால், ஐயமின்றி உண்டு. நம் சபையில் நாற்பது வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை மாத்திரை சாப்பிடாதவர்களை எண்ணுவது எளிது. சாப்பிடுகிறவர்களை எண்ணுவதுதான் கடினம். 2021-இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், சர்க்கரை நோயும் விபத்தில் பட்ட காயமும் உடையவராயிருந்தும், நடுவயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தவர். அரசியல் எதுவாயினும் அது மதிக்கத்தக்க செயல். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய சிவநாத் சிங்கின் இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. அவர் காலணி இன்றி, பாதத்தில் பட்டையை மட்டும் ஒட்டிக்கொண்டு ஓடிப் பழகிய எளிய மனிதர். விலையுயர்ந்த காலணி வாங்கித் தராவிட்டால் ஓட முடியாது என்று பெற்றோரிடம் சொல்லும் பிள்ளைகளுக்கு இவரைச் சொல்லுங்கள்.

ஆனால் ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் ஊக்கப்படுத்துவது மேய்ப்பனுக்கு அழகன்று. மனித உடல் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய முப்பதாம் கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகிறது. அதன்பின் கால்கள் கல்லாகின்றன. பல மாதப் பயிற்சி இல்லாமல் அந்த இடத்தைத் தாண்ட முயல்கிறவர் தம் இருதயத்தைச் சோதிக்கிறார். தண்ணீர் விஷயத்திலும் நம்மவர்களுக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நிறையக் குடித்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பின் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர். நம் பாட்டிமார் வெயிலில் உழைத்துவிட்டு வருகிறவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்காமல் உப்பிட்ட நீர்மோரைக் கொடுத்தார்களே, அந்த அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததன்று. நீரிழிவோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓட வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென மரித்தவர்கள் இருந்தால், இருபது வயது வாலிபரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது நீங்கள் காத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை? காரணம் எளிது. நகரத்தின் முக்கியச் சாலைகளைப் பல மணி நேரம் அடைக்க வேண்டும். அலுவலகம் இல்லாத நாளில்தான் அது முடியும். ஆனாலும் எல்லா நகரங்களும் இப்படிச் செய்வதில்லை. 1897 முதல் நடக்கும் பாஸ்டன் ஓட்டம் ஏப்ரல் மாதத்தின் ஒரு பொது விடுமுறை நாளில், இக்காலத்தில் திங்கட்கிழமையன்று நடக்கிறது. அமெரிக்காவில் மலைகள் மதிலாக நிற்கும் சால்ட் லேக் நகரத்தில் வசந்தகால மராத்தான் சனிக்கிழமையன்று ஓடப்படுகிறது; ஞாயிற்றை ஆராதனைக்கென்று ஒதுக்கிவைக்கும் மக்கள் மிகுந்த நகரம் அது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்து ஓட்டம் நமக்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. அந்நகரத்துக்கு மேலே கேவ் ஹில் என்ற குன்று காவல் நிற்கிறது. 1982 முதல் மே மாதத்து விடுமுறைத் திங்கட்கிழமையில் அங்கே மராத்தான் நடந்துவந்தது. 2019-இல் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். சில சபைகள் எதிர்த்தன. ஆலயத்துக்குப் போகும் வழிகள் அடைபடும் என்ற கவலை அவர்களுக்கு. ஓட்டம் நடக்கவே செய்தது. அந்த ஆண்டு முன்னே சென்ற வழிகாட்டி வாகனம் பாதை தவறியதால் எல்லாரும் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தது. எதிர்த்தவர்களில் சிலர் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அந்த விளக்கத்துக்குள் போகவில்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நம்மில் மூத்தவர்கள் எரிக் லிடெல் என்ற பெயரைச் சொல்வார்கள். நல்ல பெயர்தான். ஸ்காட்லாந்து மிஷனெரிப் பெற்றோருக்குச் சீனாவின் தியான்ஜின் நகரில் 1902-இல் பிறந்தவர். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குரிய ஓட்டமான 100 மீட்டரின் முதற்சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிக்கப்பட்டபோது, ஓட மாட்டேன் என்று மறுத்தார். தேசமே கோபித்தது. அதற்குப் பதிலாக 400 மீட்டருக்குப் பயின்று, ஜூலை 11 அன்று 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். இதுவரைதான் ஞாயிறு பள்ளியில் நாம் கதை சொல்லி முடிக்கிறோம். 1981-இல் வந்த புகழ்பெற்ற திரைப்படமும் ஏறக்குறைய இங்கேதான் முடிகிறது.

கதை அதோடு முடியவில்லை. அவர் 1925-இல் சீனாவுக்கு மிஷனெரியாகத் திரும்பினார். போர்க் காலத்தில், 1943-இல், ஜப்பானியர் அவரை மற்ற அயல்நாட்டினரோடு வெய்ஷியன் என்ற முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு விளையாட்டுகளை ஒழுங்குசெய்தார்; ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் செய்யமாட்டார். ஒரு ஞாயிறு பிள்ளைகள் நடுவர் இல்லாமல் தாங்களாகவே ஹாக்கி ஆடி, அது சண்டையில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் லிடெல் நடுவராக மைதானத்தில் நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக ஞாயிற்றுக்கிழமையில் ஓடாத மனிதர், அடைபட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாதிருக்கும்படி ஞாயிற்றுக்கிழமையில் ஊதலை எடுத்தார். 1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால், அந்த முகாமிலேயே மரித்தார். வயது 43.

அவர் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று இதற்கு அர்த்தம் கொள்ளாதீர்கள். முதலில் அவர் மறுத்தது தமக்கு வரவிருந்த ஒன்றை. பிறகு அவர் இசைந்தது பிறருக்குத் தேவையான ஒன்றுக்கு. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நான் இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன்.

ஆண்டில் ஒரு ஞாயிறு மராத்தான் ஓடப்போகும் வாலிபனைப் பாவி என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல நமக்கு முகம் இல்லை. முகூர்த்த நாள் ஞாயிற்றில் வந்தால் நம் இருக்கைகளில் பாதி காலியாகக் கிடக்கிறது. யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆண்டு முழுவதும் ஞாயிறு காலை டியூஷனுக்குப் போகிறார்கள். பெற்றோரே கொண்டுபோய் விடுகிறார்கள். நிலம் பார்க்க, வீட்டுக்குக் கான்கிரீட் போட, உறவினரை வழியனுப்ப என்று எத்தனை ஞாயிறுகள் கழிகின்றன! இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும் நாம், ஒரு பிள்ளை குட்டைக் காற்சட்டை அணிந்து ஓடினால் மட்டும் ஓய்வுநாள் கற்பனையை நினைவுகூருகிறோம். பெண்பிள்ளை ஓடினால் இன்னும் உரக்க நினைவுகூருகிறோம். பாஸ்டன் மராத்தானில் பெண்களை முறைப்படி அனுமதித்ததே 1972-இல்தான். அங்கே மூடியிருந்த கதவு திறந்து இவ்வளவு காலம் ஆனபின், இங்கே நாம் புதிதாக ஒன்றைச் சாத்த வேண்டியதில்லை.

ஆயினும் ஓடுகிறவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் ஏற்பதில்லை. "ஓட்டமே எனக்கு ஆராதனை, மலையைப் பார்க்கும்போது தேவனைத் துதிக்கிறேன்" என்கிறார்கள். மலையைப் பார்த்துத் துதியுங்கள், நல்லது. அது தனி ஜெபம். ஆராதனை என்பது கூடிவருதல். பக்கத்தில் தாளம் தப்பிப் பாடும் பெரியவரோடும், அழும் கைக்குழந்தையோடும், போன மாதம் உங்களோடு வாக்குவாதம் செய்த அண்ணனோடும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்கால்படியிடுவது. ஆயிரக்கணக்கானோரோடு ஓடினாலும் மராத்தான் ஓட்டக்காரர் தம் மூச்சோடு தனியாகத்தான் ஓடுகிறார். அதில் ஓர் அழகு இருக்கிறது. அது வேறு அழகு.

என்னை உண்மையில் உறுத்துவது இன்னொரு காரியம். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கற்பனையை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். அதில் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வு சொல்லப்படவில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் தங்கும் அந்நியர் என்று பட்டியல் நீள்கிறது. நான் ஓய்ந்திருக்கிறேனா என்பதோடு, என் நிமித்தம் ஓய்வை இழக்கிறவர் யார் என்றும் அந்தக் கற்பனை கேட்கிறது. 2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மராத்தானில் 73,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். கின்னஸ் சாதனையாகவும் அது பதிவாயிற்று. அத்தனை பேர் ஓட வேண்டுமானால் எத்தனை காவலர்கள் நள்ளிரவிலிருந்து சந்திகளில் நிற்க வேண்டும்? வீசியெறியப்பட்ட தண்ணீர்க் குவளைகளையும் வாழைப்பழத் தோலையும் யார் பொறுக்கினார்கள்? ஓட்டக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்து உறங்கும் நேரத்தில் துப்புரவுப் பணியாளர் தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நம் சபையிலும் அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் உண்டு. ஞாயிறு காலை ரயில்வே பணிக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் சகோதரிகள், இவர்களெல்லாம் தெரிந்தெடுத்து ஆராதனைக்கு வராதவர்கள் அல்லர். அவர்களுக்கு ஓய்வுநாள் ஒன்று கிடைக்கிறதா என்று நாம் கேட்டதுண்டா? ஆலயத்தைப் பெருக்கி, பாய் விரித்து, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, எல்லாரும் போனபின் பூட்டிவிட்டுப் போகிறவருக்கு எந்த நாள் ஓய்வு?

ஆகவே ஓடப்போகும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: போங்கள். ஆனால் குவளையைத் தெருவில் எறியாதீர்கள். சந்தியில் நிற்கும் காவலரை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கடந்துபோங்கள். அதனால் உங்களுக்கு இரண்டு வினாடி நஷ்டமாகும். அன்று மாலை எங்கேயாவது ஓர் ஆலயத்தில் உட்காருங்கள். இது ஆண்டில் ஒரு நாளாக இருக்கட்டும். மாதத்துக்கு இரண்டு என்று ஆகிவிட்டால் பேச்சு வேறாகும். அப்போது நானே உங்கள் வீட்டுக்கு வருவேன்.

வாலிபர் ஐக்கியம் கொடுத்திருக்கும் ஒரு விண்ணப்பத்துக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். நம் ஊரிலேயே ஓர் ஓட்டம் நடத்த வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். மலையைச் சுற்றி ஓடி, வழியில் கைப்பிரதிகள் கொடுக்கலாம் என்பது அவர்கள் யோசனை. ஓட்டத்துக்குச் சம்மதம், மற்றதற்குச் சம்மதம் இல்லை. அந்த மலை நம் அண்டை வீட்டாருக்குப் புனிதமான இடம். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானோர் காவடி சுமந்து, வெறுங்காலோடு, கொதிக்கும் தரையில் வந்து அதன்மேல் ஏறுகிறார்கள். டிசம்பர் 31 இரவு நாம் ஆண்டிறுதி ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவர்கள் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். சரீரத்தை ஒடுக்கி நெடுவழி நடப்பதை அவர்கள் நம்மிடம் கற்க வேண்டியதில்லை. நம் கத்தோலிக்கச் சகோதரர்களும் ஆண்டுதோறும் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறார்கள். ஒருவருடைய கோயில் வாசலில் ஓட்டத்தைச் சாக்காக வைத்துக் கைப்பிரதி கொடுப்பது சாட்சியாகாது. நம் கிறிஸ்துமஸ் ஆராதனை வாசலில் ஒருவர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? 1960 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு முன்னும் பின்னும், தமிழரும் தெலுங்கரும், பல சமயத்தாரும், ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டு வாழ்ந்த ஊர் இது. ஓட விரும்பும் எவரும், எந்தச் சமயத்தாராயினும், நம்மோடு ஓடலாம் என்று அறிவிப்போம்.

மேலும், சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் ஓடக் கூடாது. விடியற்காலையில் அங்கே லாரிகள் வரும் வேகத்தை நீங்கள் அறிவீர்கள். ஏரிக்கரையை ஒட்டிய உட்சாலை போதும், ஐந்து கிலோமீட்டர் போதும், முதியவர்கள் நடக்கட்டும். ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வைத்துக்கொள்வோம். ஜனவரியில், பொங்கல் கழிந்து, காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் எழுத்து மூலம் அனுமதி பெறும் பொறுப்பைச் சபைக் கமிட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு மருத்துவரும் ஓர் ஆம்புலன்சும் இல்லாமல் தொடங்கமாட்டோம்.

சேர விரும்புகிறவர்கள் தங்கள் பெயரையும் வயதையும் சபைச் செயலாளரிடம் கொடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஓடி முடிந்தபின் பாதையைப் பெருக்கிக் குப்பைகளை அள்ளுவது ஓடினவர்களின் வேலை. அதற்கென்று யாரையும் கூலிக்கு அமர்த்தப்போவதில்லை. வழக்கமாகச் சபை விருந்துகளுக்கெல்லாம் அதிகாலையில் எழுந்து சமைக்கும் சகோதரிகளில் பலர் இம்முறை ஓடவும் நடக்கவும் பெயர் கொடுத்திருப்பதால், நீர்மோர் கலக்கும் பொறுப்பு ஆண்கள் ஐக்கியத்துக்கு. உப்பைக் குறைத்துவிடாதீர்கள்.